சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

என் அக்கா மகன் ஒரு கல்லூரி பாஸ்கெட்பால் டீமில் இருக்கிறான். ‘இருக்கிறான்’ என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். ‘ஆடுகிறான்’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். ரெகுலர் பாயிண்ட் கார்டுக்கு மூச்சு வாங்கும்போது உள்ளே போய் நாலு நிமிஷம் சமாளித்துவிட்டு வர வேண்டிய பேக்கப் அவன்.

பாயிண்ட் கார்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பந்தைத் தட்டிக்கொண்டே எதிராளியின் பக்கம் கொண்டு போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று கண்ணாலும் விரலாலும் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர். நம்ம ஊர் பஸ் கணக்கில் சொன்னால் டிரைவர், கண்டக்டர் இரண்டும் அவர்தான். விசில் அடிப்பதும் அவர், ஸ்டியரிங்கைத் திருப்புவதும் அவர்.

போன மாதம் அவன் டீம் ஆடிய மூன்று மேட்ச்சுகளையும் போய்ப் பார்த்தேன். முதல் மேட்ச்சில் பாயிண்ட் கார்டாக நாலு நிமிஷம். இரண்டு பாஸ் தப்பாகப் போனது, உடனே பெஞ்ச். இரண்டாவது மேட்ச்சில் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு உள்ளே அனுப்பி, ‘நீ கார்னர்ல நில்லு, பந்து வந்தா ஷூட் பண்ணு’ என்றார்கள். பந்தே வரவில்லை. மூன்றாவது மேட்ச்சில் டீமின் உயரமான பையன் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே போக, வேறு ஆள் இல்லாமல் இவனை அனுப்பி, தன்னைவிட ஒரு முழம் உயரமான ஒருவனைத் தடுக்கச் சொன்னார்கள். எப்படித் தடுப்பான்? தென்னை மரத்துக்கு அணை கட்டுகிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

மேட்ச் முடிந்ததும் கோச் எல்லோர் முன்னாலும் சொன்னது: ‘உன்கிட்ட கன்சிஸ்டன்ஸி இல்ல.’

அடையாறு வரை என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எல்.பி. ரோடு சிக்னலில் நின்றபோது மட்டும், ‘நான் என்னவா ஆடணும்னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டா ஆடிடுவேன் மாமா’ என்றான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பையன். ஃபீஸ் சலுகை அந்த ஜெர்ஸியில்தான் தொங்குகிறது. அக்காவுக்கு அந்தக் கவலை. அவனுக்கு வேறு கவலை.

மறுநாள் காலை லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா. வாக்கிங் போகிறவர்களில் பாதிப் பேர் நடக்கிறார்கள், மீதிப் பேர் இந்திய கிரிக்கெட் அணியைத் தேர்வு செய்கிறார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி தினேஷ் கார்த்திக்கில் வந்து நின்றது. ரிடையர்ட் பேங்க் மேனேஜர் ஒருவர் தீர்ப்பு சொன்னார்: ‘சான்ஸ் கொடுக்கலைன்னு மட்டும் சொல்லாதீங்க சார். பதினெட்டு வருஷம் கொடுத்தாங்க. பையன்கிட்ட கன்சிஸ்டன்ஸி இல்ல.’

பன்னிரண்டு மணி நேரத்தில் அதே வார்த்தை இரண்டாவது தடவை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம்தான் இந்த வாரக் கட்டுரை.

மேனேஜர் சார், கணக்குப் பார்த்துப் பழகியவர் நீங்கள். நானும் ஒரு பி.காம்தான். வாருங்கள், பேரேட்டைத் திறப்போம்.

2004 செப்டம்பர், லார்ட்ஸ் மைதானம். 19 வயதில் ஒரு நாள் போட்டியில் அறிமுகம். லெக் சைடில் போன பந்தைப் பிடித்து மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். வேலை: கீப்பர், பின்வரிசை பேட்ஸ்மேன். 2005 மார்ச்சில் கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 93. மற்றபடி ரன் அதிகம் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பத்து டெஸ்ட் ஆனது. ராஞ்சியிலிருந்து ஒருவர் நீளமான முடியோடு வந்து ஒரு நாள் போட்டிகளில் 148, ஆட்டமிழக்காமல் 183 என்று விளாசினார். 2005 டிசம்பரில் டெஸ்ட் கீப்பரும் தோனிதான். அந்த முதல் டெஸ்ட் நடந்த இடம் எது தெரியுமா? சேப்பாக்கம். சொந்த ஊரில், சொந்த மைதானத்தில் கார்த்திக்கின் நாற்காலி பறிபோனது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் பேட்ஸ்மேனுக்கு ஆறு வாசல். யாருக்காவது ஃபார்ம் போனால் ஏதாவது ஒன்றில் நுழையலாம். ரிசர்வ் கீப்பருக்கு ஒரே வாசல், அதில் ஒரே ஆள். பேக்கப் பாயிண்ட் கார்டுக்கும் அதே கதைதான். அந்த ஒரு ஆள் தோனி என்றால்? விரலில் அடிபட்டால்தான் உண்டு. இல்லையென்றால் நாம் வேறு ஆளாக மாற வேண்டும்.

கார்த்திக் மாறினார். 2006 டிசம்பர் 1, ஜோஹானஸ்பர்க். இந்தியா ஆடிய முதல் சர்வதேச 20 ஓவர் போட்டி. கீப்பிங் தோனி செய்ய, வெறும் பேட்ஸ்மேனாக ஆடி 31 நாட் அவுட். ஆட்ட நாயகன். அடுத்த மாதம் கேப் டவுன் டெஸ்ட்டில் தோனிக்கு நிஜமாகவே விரலில் அடி. கார்த்திக் கீப்பிங் செய்யப் போனார். போனவரை ஓப்பனிங்கும் இறங்கச் சொன்னார்கள், 63 அடித்தார். சரி, நீ இனி ஓப்பனர் என்றார்கள். மே மாதம் மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 129. அப்புறம் 2007 இங்கிலாந்து டூர். 21 வருஷம் கழித்து இந்தியா அங்கே டெஸ்ட் தொடரை வென்றது. அந்தத் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தது யார்? டெண்டுல்கரா, டிராவிடா, கங்குலியா? 263 ரன்களோடு தினேஷ் கார்த்திக். பூங்காவில் இதைக் கேட்டபோது மூன்று பேர் ‘அப்படியா?’ என்றார்கள்.

ஓப்பனராக நிலைத்தாரா? ஊருக்கு வந்து பாகிஸ்தானோடு இரண்டு டெஸ்ட் சரியாக ஆடவில்லை, காலி. 2008 ஜனவரியில் சேவாக் திரும்பி வந்தார். அதே வருஷம் இலங்கை டூருக்கு தோனி ஓய்வு கேட்க, கார்த்திக் மறுபடி கீப்பர். இரண்டு டெஸ்ட், மறுபடி காலி. 2013 சாம்பியன்ஸ் டிராபிக்கு முன் பயிற்சி ஆட்டங்களில் அடுத்தடுத்து இரண்டு சதம். இப்போது நடுவரிசை பேட்ஸ்மேன். 2017இல் நியூசிலாந்தோடு நாலாம் நம்பர், புனேயில் 64 நாட் அவுட். 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். விஜய் சங்கரை முன்னால் அனுப்பிவிட்டு, கார்த்திக்கை ஏழாம் நம்பரில் உட்கார வைத்தார்கள். அவர் இறங்கும்போது 12 பந்தில் 34 ரன் வேண்டும். 19வது ஓவரில் 22. கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை. எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் தட்டையாக ஒரு சிக்ஸர். 8 பந்தில் 29. அன்று மாம்பலத்திலும் மந்தைவெளியிலும் பட்டாசு வெடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்று யாரும் கன்சிஸ்டன்ஸி பற்றிப் பேசவில்லை.

ஏழாம் நம்பரில் எட்டுப் பந்து ஆடி ஜெயித்துக் கொடுத்தவரை என்ன செய்தார்கள்? டெஸ்ட் ஆட அழைத்தார்கள்! 2010 ஜனவரிக்குப் பிறகு 2018 ஜூனில். நடுவில் இந்தியா 87 டெஸ்ட் ஆடிவிட்டது. அடுத்து இங்கிலாந்து. ஆண்டர்சனும் பிராடும் பந்தை ஊஞ்சல் ஆட்டுகிற ஊர். 0, 20, 1, 0. ரிஷப் பந்த் வந்தார். கார்த்திக்கின் டெஸ்ட் கதை அதோடு முடிந்தது.

2019 ஜூலை, மான்செஸ்டர், உலகக் கோப்பை அரையிறுதி. 5 ரன்னுக்கு 3 விக்கெட். கடைசியில் வந்து விளாசுவதற்காக வைத்திருந்த ஆளை ஐந்தாம் நம்பரில் அனுப்பினார்கள். விழுந்த மாளிகையைத் தூக்கி நிறுத்த வேண்டிய இடம். அந்த வேலையை உலகத்திலேயே நன்றாகச் செய்யக்கூடியவர் என்று பெயர் வாங்கிய தோனி அன்று ஏழாம் நம்பர்! கார்த்திக் 25 பந்தில் 6 ரன், நீஷமின் பிரமாதமான கேட்ச். அதுதான் அவருடைய கடைசி ஒரு நாள் போட்டி.

இப்போது கூட்டிக் கழித்துப் பார்த்தால் 26 டெஸ்ட், 1025 ரன், சராசரி 25. மேனேஜர் சார் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுகிற நம்பர் இதுதான்.

சார், இந்த 25 எதனுடைய சராசரி? 19 வயது கீப்பருடையதா, 2007 ஓப்பனருடையதா, 33 வயதில் எட்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்தவருடையதா? அரிசியைக் கிலோவில் வாங்கி, துணியை மீட்டரில் வாங்கி, பெட்ரோலை லிட்டரில் போட்டுவிட்டு, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஒரு நம்பர் வரத்தான் செய்யும். அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் இப்படிக் கூட்டியிருந்தால் பேப்பரைக் கிழித்திருப்பார்.

அவர் சொல்லிக் கொடுத்த இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. தப்பு எங்கே என்று தெரியவில்லை. மணி ஆகிவிட்டது. என்ன செய்வோம்? வித்தியாசத் தொகையைத் தூக்கி ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்ற தலைப்பில் போட்டுவிடுவோம். அந்தக் கணக்குக்கு சொந்த முகம் கிடையாது. மற்ற கணக்குகளில் நடந்த தப்பைத் தாங்குவதுதான் அதன் வேலை. தப்பு தெரிந்ததும் அதை மூடிவிடுவார்கள். பதினெட்டு வருஷம் இந்திய அணியின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டாக இருந்தவர் கார்த்திக். ஓப்பனர் இல்லையா, போடு அதில். நாலாம் நம்பர் காலியா, போடு அதில். சேவாக் வந்துவிட்டாரா, மூடு.

ரொம்ப உணர்ச்சிவசப்படாதே, தோனியைவிட கார்த்திக் சிறந்தவரா என்று கேட்பீர்கள். இல்லை. சத்தியமாக இல்லை. தோனியின் இடத்தை இவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னால் மெரினாவில் என்னை மணலோடு புதைத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. 2008 இலங்கையிலும் 2018 இங்கிலாந்திலும் அவர் தோற்றது அவர் பொறுப்புதான். என் சண்டை அவரை வெளியே உட்கார வைத்ததைப் பற்றி அல்ல. ஒவ்வொரு தடவையும் வேறு வேலை கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, கடைசியில் எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே மார்க் போட்டீர்களே, அதைப் பற்றி.

இதில் இன்னொரு அநியாயம், எதற்கும் சரி என்பவனுக்குத்தான் இது நடக்கும். ‘நான் ஓப்பனிங் இறங்க மாட்டேன்’ என்று முகத்தைத் திருப்புகிறவரிடம் யாரும் கேட்கமாட்டார்கள். சரி என்று தலையாட்டுகிறவனைத்தான் ஊறுகாய் மாதிரி எல்லா இலையிலும் வைப்பார்கள். அப்புறம் ‘இவன் சாம்பாரும் இல்லை, ரசமும் இல்லை’ என்பார்கள். என் மருமகன் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. அதுதான் அவன் செய்த தப்பு என்று நினைக்கிறேன்.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1974 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெல்லி டெஸ்ட். பட்டோடிக்கு அடிபட்டதால் நம்ம சென்னை வெங்கட்ராகவன் கேப்டன். அடுத்த டெஸ்ட் கொல்கத்தாவில். பட்டோடி திரும்பி வந்தார். வெங்கட் என்ன ஆனார்? பன்னிரண்டாவது ஆள்! ஒரு டெஸ்ட்டில் டாஸ் போட்டவர் அடுத்த டெஸ்ட்டில் தண்ணீர் கொண்டு போகும் ஆள். பின்னால் அதே வெங்கட்டை 1979 உலகக் கோப்பைக்குக் கேப்டனாக அனுப்பியதும் இதே போர்டுதான்.

பெஞ்ச்சில் உட்காருவது கேவலம் என்று யார் சொன்னது? பாஸ்கெட்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் கண்டுபிடித்த ஆட்டம். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று தி.நகர்க்காரர்கள் புத்தகக் காட்சிக்கும் பொருட்காட்சிக்கும் போய்ப் பழகிய நந்தனம் மைதானம் அந்தக் கல்லூரியுடையது. இந்தியாவில் எத்தனையோ பி.டி. வாத்தியார்களை உருவாக்கிய இடம். ஆட்டம் பிறந்த வீட்டோடு நேரடி உறவு வைத்திருக்கிற ஊர் நம்முடையது.

அந்த ஆட்டத்தில் பெஞ்ச்சிலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். அமெரிக்க என்.பி.ஏ.வில் பெஞ்ச்சிலிருந்து வருகிறவருக்கென்றே ஒரு விருது வைத்திருக்கிறார்கள், ‘சிக்ஸ்த் மேன்’. 1982-83 சீசனில் தொடங்கினார்கள். முதல் விருது ஃபிலடெல்ஃபியாவின் பாபி ஜோன்ஸுக்கு, அந்த வருஷம் அவர் டீம்தான் சாம்பியன். 2008இல் அதை வாங்கியவர் சான் அன்டோனியோவின் ஜினோபிலி. அர்ஜென்டினாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த ஆள். அவரைப் போய் முதல் ஐந்து பேரில் சேர்க்காமல் பெஞ்ச்சில் உட்கார வைத்தார் கோச். யாரும் அவமானமாக நினைக்கவில்லை. ஏன்? எப்போது உள்ளே போவோம், போய் என்ன செய்ய வேண்டும் என்பது ஜினோபிலிக்குத் தெரியும். டீமுக்கும் தெரியும். பெஞ்ச் பிரச்னையே இல்லை சார். பெஞ்ச்சிலிருந்து எழுந்து எங்கே போகிறோம் என்று தெரியாததுதான் பிரச்னை.

என் கட்சிக்குச் சாட்சி வேண்டுமா? 2021இல் கார்த்திக் இங்கிலாந்தில் மைக் பிடித்து கமென்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 2022 ஐ.பி.எல்.லில் பெங்களூரு அணி அவரை எடுத்து ஒரே ஒரு வேலை கொடுத்தது: கடைசி ஓவர்களில் வா, அடி. அவ்வளவுதான். 16 ஆட்டம், 330 ரன், 100 பந்துக்கு 183 என்ற வேகம், சராசரி 55. அப்போது வயது 36. அதே ஜூனில் இந்திய அணிக்குத் திரும்பி ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்தில் 55. இந்தியாவின் முதல் 20 ஓவர் போட்டியில் ஆடியவருக்கு, பதினாறு வருஷம் கழித்து அந்த வகையில் முதல் அரைசதம்! ஆளும் அதே ஆள், கையும் அதே கை. வேலை என்ன என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பையில் சொதப்பினாரே என்று பூங்காவில் ஒருவர் மடக்கினார். ஆமாம், மூன்று இன்னிங்ஸில் 14 ரன். வேலை தெளிவாக இருந்தும் தோற்றார். அதற்கு அவரை எடுத்தார்கள், நானும் மறுக்கவில்லை. ஒரு வேலையைச் சொல்லி, அதைச் செய்யாததற்காக எடுப்பது நியாயம். அந்த நியாயம் முதல் பதினைந்து வருஷம் எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கிறேன்.

கிரிக்கெட்டோடு இதை விட்டுவிடவும் மனசு வரவில்லை. நம்ம அரசுக் கலைக் கல்லூரிகளில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று ஒரு ஜாதி உண்டு. கௌரவம் பெயரில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1981லேயே சட்டம் போட்டார்கள். 480 நாள் ஆகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கணக்குப் போடும் ஆசாமிகளும் உடனே முளைத்தார்கள். வருத்தம் என்னவென்றால், அவர்களில் சிலர் என்னைப் போல பி.காம் படித்தவர்கள். வருஷக் கணக்காக ஒருவனை ‘இப்போதைக்கு’ என்றே வைத்திருப்பது நமக்கு ஒரு நிர்வாகக் கலை.

கார்த்திக்குக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று நீங்கள் சொல்லலாம். சம்பாதித்தார், 2021இல் தமிழ்நாட்டுக்கு சையத் முஷ்டாக் அலி கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன், 2024இல் தன் 39வது பிறந்த நாளன்று ஓய்வு அறிவித்தார், அடுத்த வருஷமே பெங்களூரு அணி முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையைத் தூக்கியபோது அதன் பேட்டிங் பயிற்சியாளராக நின்றார். நிஜம்தான். அவர் தப்பித்துவிட்டார். அவருடைய பிடிவாதம் எல்லோருக்கும் வராது. ஒரு சீசனில் மூன்று இடத்தில் ஆடவிட்டு ‘உன்கிட்ட கன்சிஸ்டன்ஸி இல்ல’ என்று சொல்லப்பட்ட பத்தொன்பது வயசுப் பையன்களில் எத்தனை பேர் அடுத்த வருஷம் ஷூ வாங்கினார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

மேனேஜர் சாரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ‘எல்லாம் சரி, ஆனா ஒரு தடவையாவது அவன் செட்டில் ஆகியிருக்கலாம்’ என்றார். வெயில் ஏறிவிட்டது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மருமகனுக்குப் போன் செய்து, கோச்சிடம் நேராகப் போய், ‘என் வேலை என்ன, அதற்கு எத்தனை மேட்ச் கொடுப்பீர்கள்?’ என்று கேட்கச் சொன்னேன். ‘அப்படிக் கேட்டா டீம்லேருந்தே தூக்கிடுவாங்க மாமா’ என்றான். வரும் சனிக்கிழமை மறுபடி மேட்ச். எந்த இடத்தில் ஆடப் போகிறாய் என்று கேட்டேன்.

‘அங்க போனாத்தான் தெரியும்.’